கறுப்புத் திரையில் மூன்று நிமிடம்

சென்ற செவ்வாயன்று ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘தங்கள் காணொளி இயங்கவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.’ இரண்டு வாக்கியங்கள். இரண்டிலும் பிழையில்லை.

சென்னையில் ஆய்வுப் படிப்புக்கான உதவித்தொகை அது. கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் கல்யாணம் — வீட்டில் அப்படித்தான் பேசி முடித்திருந்தோம். ஏன் இலக்கியம் படிக்க விரும்புகிறேன் என்று மூன்று நிமிடம் பேசி, பதிவேற்ற வேண்டும்.

எங்கள் பக்கத்தில் முக்கியமான காரியத்துக்குச் சொந்தப் பொருள் போதாது. பெண் பார்க்க வந்தால் சித்தியின் ஆரம் வரும். எனக்கு, லாரி வைத்திருக்கும் மாமாவின் விலையுயர்ந்த போன் வந்தது.

“உன்ற போன்ல எடுத்தா மூஞ்சி மங்கலாத் தெரியுஞ் சாமி. இதுல எடு.”

எடுத்தேன். சேந்தமங்கலம் பிரவுசிங் சென்டரில் பதிவேற்றப் போனால், இணையதளம் ஏற்க மறுத்தது. கோப்பின் பெயர் எம்.பி.4 என்று முடிய வேண்டுமாம். மாமாவின் போன் வேறு வகையில் சேமித்திருந்தது. சென்டர்காரர் அசரவில்லை. பெயரின் வாலை அழித்துவிட்டு எம்.பி.4 என்று தட்டினார்.

“அவ்வளவுதானுங்க. உள்ளார போயி யாரு பாக்கறாங்க?”

பச்சை டிக் விழுந்தது. மாமாவின் போனிலேயே தளத்தைத் திறந்து பார்த்தேன், அருமையாக ஓடியது. வேறொரு பிரவுசரில் ஓடுமா என்று ஏன் சோதிக்கவில்லை? ஒரே வரியை நான்கு பதிப்புகளில் ஒப்பிட்டுப் படிக்கிறவள் நான்...

உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனில் பேசினேன். எடுத்த பெண்மணி பொறுமையாகவே விளக்கினார். பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாதாம். அந்த வகை வீடியோவை அவர்கள் கணினியின் பிரவுசருக்குக் காட்டத் தெரியாதாம். திரை கடைசிவரை கறுப்பாகவே இருந்ததாம். சத்தம் மட்டும் வந்ததாம்.

“அப்ப நான் பேசுனதக் கேட்டீங்களா மேடம்?”

“முழுசாக் கேட்டோம்மா. நல்லாத்தான் பேசியிருந்தீங்க. முகம் தெரியலையே... ரூல்ஸ்ல வீடியோன்னு இருக்கு.”

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். பிரவுசருக்குப் புரியாததை மன்னித்துவிடலாம். கேட்டவர்களுக்குப் புரிந்திருந்ததே — அதை என்ன செய்வது?

ஞாயிறன்று மாமா அதே வீடியோவை ஓரிடத்தில் நிறுத்தி, என் முகத்தை மட்டும் படமாக எடுத்துத் தரகருக்கு அனுப்பினார். தரகர் ஏழெட்டு வீடுகளுக்கு அனுப்பியிருக்கிறார். எல்லோருடைய போனிலும் தடையின்றித் திறக்கிறதாம்.

சத்தம் வரவில்லையே என்று இதுவரை ஒருவரும் திருப்பி அனுப்பவில்லை.