பெரியப்பாவின் குருசில் ஒரு சாண் இடம்

சிப்பிச் சுண்ணாம்பின் மேல் தண்ணீர் விழுந்ததும் முதலில் ஒரு சீறல் கேட்கும், பிறகு பானை தானாகவே கொதிக்கத் தொடங்கும், அதற்குப் பிறகுதான் அந்த வாசனை வரும். நனைந்த சுவரும் வெயிலில் கிடந்த சங்கும் சேர்ந்தாற்போல, மூக்கின் உட்புறத்தை லேசாகச் சுடுகிற வாசனை. இன்று கட்டடப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எனக்கு அந்தக் கொதிப்பின் காரணத்தைச் சமன்பாடாக எழுதிக் காட்ட முடியும். ஆனாலும் எங்கே சுண்ணாம்பு மணத்தாலும் முதலில் நினைவுக்கு வருவது, என் பெரியப்பா தம்முடைய கல்லறைக் குருசுக்குத் தாமே வெள்ளையடித்துக்கொண்டிருந்த ஐப்பசி மாதத்துப் பிற்பகல்கள்தான்.

எங்கள் ஊர் ராமேசுவரம் தீவில், பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் இருக்கிறது. கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள்தான் அதிகம். பெரியப்பாவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் சந்தியாகு மிக்கேல். அந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கடலுக்குப் போகாமல் பட்டாளத்துக்குப் போனவர் என்பதால் ஊருக்கு அவர் "மிலிட்டரி". எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில், மேற்கு எல்லையில், இடது தோளில் குண்டுச் சிதறல் பாய்ந்து எதிரிகளிடம் பிடிபட்டார். பிடிபட்ட செய்தி வீட்டுக்கு வரவில்லை. "காணவில்லை" என்ற தந்திதான் வந்தது.

எங்கள் கடற்கரையில் ஒருவரைக் காணவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வழக்கம் இருக்கிறது. முதலில் எல்லா வள்ளங்களும் தேடப் போகும். பிறகு தேடுவதை நிறுத்துவார்கள். பிறகு அவர் கரையில் விட்டுப்போன உடுப்பைப் பெட்டியில் வைத்து, கோயிலில் பூசை முடித்து, கல்லறைத் தோட்டத்தில் புதைத்துக் குருசு நட்டுவிடுவார்கள். "ஆத்துமா வந்து நிக்க ஒரு எடம் வேணும்ல" என்பது பெரியவர்கள் சொல். கடலுக்குச் செய்ததையே போருக்கும் செய்தார்கள். பெரியப்பாவின் பழைய சட்டை ஒன்றும் ஜெபமாலையும் மணலுக்குள் போயின. சிமெண்டுக் குருசில் அவர் பெயரும் அதன் கீழே "போரில் மரித்தார்" என்பதும் பொறிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு கைதிகளை விடுவித்தபோது, மொட்டைத் தலையும் ஒடுங்கிய கன்னமுமாக அவர் பாம்பன் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வந்தார்.

வந்தவருக்கு வழக்கம் எதுவும் இல்லை. நட்ட குருசைப் பிடுங்கினால் கடல் அதற்குப் பதில் வேறு ஆளைக் கேட்கும் என்ற பயம் மட்டும் இருந்தது. ஒருநாள் ஆத்திரத்தில் கடப்பாரையோடு போனவரை அக்கம்பக்கத்துப் பெண்கள் காலைப் பிடித்துத் தடுத்ததாக அப்பா சொல்வார். அன்று அவர்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் கடலில் இருந்தார்கள். அதன் பிறகு அவர் கடப்பாரையைத் தொடவில்லை. கல்லறை உள்ளவருக்குப் பெண் கொடுக்கவும் யாரும் வரவில்லை. கல்லறைத் திருநாளுக்கு முன் குருசுக்கு வெள்ளையடிப்பது அந்தந்த வீட்டாரின் கடமை என்பதால், அவருடைய தாயார் இருந்தவரை தாயாரும், பிறகு அவரே, அந்தக் குருசுக்கு ஆண்டுதோறும் வெள்ளையடித்தார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் கூடப் போவேன். பானைக்குள் சொட்டு நீலம் கலக்குவது என் வேலை. பனைமட்டையின் அடியைத் தட்டி நாராக்கிய மட்டையால் அவர் கீழிருந்து மேலாக அடிப்பார். இடது கை தோளுக்கு மேல் ஏறாது என்பதால் குருசின் இரு கைகளையும் சுற்றிச் சுற்றி வந்து வலக்கையாலேயே அடிக்க வேண்டியிருக்கும். கடற்கரையில் கிழிந்த வலையைப் பொத்துகிறவர்கள், "மிலிட்டரி, பிடிபட்டப்ப அவங்கிட்ட ரெண்டு கையையும் தூக்குனீகளா?" என்று கேலி செய்வார்கள். "ஒண்ணுதாம்லே ஏறுச்சு" என்பார். அவர்கள் சிரிக்கும்போது அவரும் சிரிப்பார். சிரித்து முடித்ததும் அந்த இடத்தில் நிற்கமாட்டார்.

சிறுவயதிலேயே எனக்கு எதையும் பட்டியலாக மனத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கம். பெரியப்பாவைப் பற்றி நான் வைத்திருந்த பட்டியல் இப்படி: கதவைப் பார்த்தபடிதான் உட்காருவார். சோற்றில் ஒரு பிடியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி, கடைசிவரை தொடாமல் வைத்திருந்து, மற்றவர்கள் எழுந்த பிறகே உண்பார். விசில் சத்தம் கேட்டால், அது ரயிலுடையதானாலும் குக்கருடையதானாலும், செருப்பைத் தேடுவார். பொழுது சாயும் நேரத்தில் எங்கே இருந்தாலும் அருகிலிருக்கும் சுவரோரமாகப் போய், முதுகு சுவரில் படும்படி விறைப்பாக நிற்பார். அடுப்படியிலிருந்து அம்மா, "எல்லாரும் இருக்கோம், வாங்க அத்தான்" என்று குரல் கொடுத்தால்தான் அங்கிருந்து நகர்வார். அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் தற்செயலாக அப்படிச் சொல்லி, அது வேலை செய்ததைப் பார்த்து அப்படியே வைத்துக்கொண்டாராம். எங்கள் வீட்டுச் சுவரில் அவர் முதுகு பட்ட இடம் மட்டும் எண்ணெய் இறங்கியது போலக் கறுத்திருந்தது.

அவர் அரசாங்கத்திடம் கேட்டுக்கொண்டிருந்தவை மூன்று: போரில் இருந்ததற்கான பதக்கம், காயம் பட்டதற்கான பதக்கம், நாயக் என்ற பதவி. போருக்கு முன்பே அந்தப் பதவிக்கான பயிற்சியையும் தேர்வையும் முடித்திருந்தார்; சட்டைக் கையில் "ரெண்டு பட்டி" தைப்பதுதான் மிச்சம். அவரோடு தேறியவர்கள் எல்லோரும் அவர் கைதியாக இருந்த மாதங்களில் பட்டி தைத்துக்கொண்டார்கள். திரும்பி வந்தவரைத் தோள் சரியில்லை என்று சிப்பாயாகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இத்தனை காலம் கழித்து அது எதற்கு என்று அப்பா கேட்டபோது அவர் சொன்ன பதில் எனக்கு அப்போது விளங்கவில்லை, மறக்கவும் இல்லை.

"அந்த மாசமெல்லாம் சர்வீசு இல்லைன்னா நான் எங்கன இருந்தேன்? அவங்க பட்டி குடுத்தாத்தான் நான் அங்கன உசுரோட இருந்தேன்னு ஆகும். இல்லைன்னா, இந்தக் குருசு சொல்றதுதான் சரின்னு ஆயிரும்."

நான் நான்காம் வகுப்புப் படித்த ஆண்டில், அந்தக் கோரிக்கைகளை ஊருக்கு நேரில் வந்து விசாரிக்க ஒருவரை அனுப்புவதாக அரசாங்கத்திடமிருந்து தகவல் வந்தது. பெரியப்பாவை முன்னும் பின்னும் அறிந்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும்; எந்த நாள் வசதி என்று கேட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் ஆண்கள் எல்லோரும் ஒரே நாளில் கரையில் இருப்பது அபூர்வம். கல்லறைத் திருநாளன்று மட்டும் ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. ஆகவே அந்த நாளையே வரச் சொல்லி அப்பா பதில் போட்டார். பெரியப்பாவும் தலையசைத்தார். சாட்சிகளைப் பற்றி மட்டுமே யோசித்தவர்களுக்கு, அன்று ஊரே எந்த இடத்தில் இருக்கும் என்பதோ, அங்கே மூன்றாவது வரிசையில் என்ன நிற்கிறது என்பதோ தோன்றவில்லை. எல்லோருக்கும் பழகிப்போன குருசு அது.

வந்தவரும் முன்னாள் ராணுவத்தார். நரைத்த மீசை, கையில் ரெக்சின் பை. சொன்ன நேரத்துக்கு மிகவும் முன்னதாகவே வந்துவிட்டார். தெருவில் ஆளே இல்லாததால் மக்கள் போகும் வழியில் நடந்து கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வந்து, அங்கே மெழுகுதிரி விற்றுக்கொண்டிருந்த லூர்து அக்காவிடம் காகிதத்தைப் பார்த்து முழுப்பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். லூர்து அக்காவுக்கு அந்தப் பெயரைக் குருசில் படித்து மட்டுமே பழக்கம்.

"சந்தியாகு மிக்கேலா? உள்ள போயி வலப்பக்கம் மூணாவது வரிசை சார். வெறுங்கையோடயா போவீக, மெழுகுதிரி வாங்கிட்டுப் போங்க."

அவர் வாங்கிக்கொண்டு வந்தார். முந்தின நாள் பெய்த மழையில் கரைந்திருந்த அடிப்பகுதிக்குப் பெரியப்பா மறுபடி வெள்ளை பூசிக்கொண்டிருந்தார். நான் செவ்வந்திப் பூவை உதிர்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர் பெயரைப் படித்தார், கீழேயிருந்த இரண்டு சொற்களையும் படித்தார், செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் தலைகுனிந்து நின்றார். பிறகு பெரியப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

பெரியப்பா பையைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். மட்டையிலிருந்து சுண்ணாம்பு சொட்டச் சொட்ட எழுந்து விறைப்பாக நின்றார்.

"அது நான்தான் சார்."

அதற்குள் விஷயம் உறைத்து லூர்து அக்கா பின்னாலேயே ஓடிவந்தார். "சேசுவே, மிலிட்டரியவா கேட்டீக? மிலிட்டரின்னே கேட்டிருக்க வேண்டியதுதான சார், நான் வீட்டையில்ல காட்டியிருப்பேன்."

விசாரணை அந்தக் குருசுக்குப் பக்கத்திலேயே நடந்தது. ஆட்கள் ஒவ்வொருவராகக் கூடினார்கள். பெரியப்பாவோடு பள்ளியில் படித்த இன்னாசி மாமா முதலில் பேசினார். "இவரு செத்துட்டாருன்னு குழி வெட்டுனதே நான்தான் சார். வந்தப்ப ஸ்டேஷன்ல பாத்ததும் நான்தான். நானே ரெண்டுக்கும் சாட்சி." வந்தவர் எழுதிக்கொண்டார். திரும்பி வந்த பிறகு குருசை எடுத்திருக்கலாமே என்று கேட்டார்.  அதற்கும் இன்னாசி மாமாவே சொன்னார்: "உடுப்பப் பொதச்ச பெறகு வந்தவங்க யாரும் இல்ல சார். இவரு ஒருத்தருதான். எப்படி எடுக்கிறதுன்னு எங்களுக்கு வழக்கம் இல்ல."

அங்கே எப்படி நடத்தினார்கள் என்று வந்தவர் பெரியப்பாவிடம் கேட்டார். "பொழுது சாஞ்சா வரிசையா நிக்கவச்சு எண்ணுவாங்க சார்" என்றார் பெரியப்பா.  புறப்படும்போதுதான் வந்தவருக்குத் தம் கையிலிருந்த மெழுகுதிரிகள் ஞாபகம் வந்தன. ஏற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் என்னிடம் நீட்டினார். நான் பெரியப்பாவைப் பார்த்தேன். "ஏத்து தாயி. வாங்குனது வீணாப் போகக்கூடாது" என்றார். நான் ஏற்றினேன். அதற்குள் பொழுது சாய்ந்திருந்தது. பெரியப்பா சுற்றுச்சுவரோரமாகப் போய் நின்றார். கூட்டத்திலிருந்து அம்மா, "எல்லாரும் இருக்கோம், வாங்க அத்தான்" என்றார். அந்த ராணுவத்தார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதை மட்டும் எழுதிக்கொள்ளவில்லை.

அவர் நல்லவிதமாகவே எழுதியனுப்பினார் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் பதக்கங்கள் இரண்டும் தபாலில் வந்தன. பெரியப்பா அவற்றைச் சட்டையில் குத்திக்கொள்ளவில்லை. அடுத்த கல்லறைத் திருநாளன்று குருசின் கையில் தொங்கவிட்டு, மாலைவரை எதிரே உட்கார்ந்திருந்துவிட்டு, திரும்பக் கழற்றி எடுத்து வந்தார். "இது அங்கன கெடந்தவனுக்கு. பட்டிதான் திரும்பி வந்தவனுக்கு" என்றார். பதவியைப் பற்றி வந்த பதிலில், பணிக்காலத்தில் ஆணை எதுவும் பிறப்பிக்கப்படாததால் இப்போது பரிசீலிக்க இயலாது என்று இருந்தது. அவர் மறுபடி எழுதினார். அவர்களும் மறுபடி அதையே எழுதினார்கள்.

ஆண்டுதோறும் ஏறிய சுண்ணாம்புப் பூச்சில் குருசு தடித்து அதன் எழுத்துகள் புதைந்துபோயிருந்தன. வள்ளங்களுக்குப் பெயர் எழுதும் அருளப்பன் அண்ணன் கறுப்புப் பெயிண்டோடு வந்து புதிதாக எழுத உட்கார்ந்தார். பெரியப்பா தம் பெயருக்கு முன்னால் ஒரு சாண் இடம் விடச் சொன்னார். எதற்கென்று அண்ணனுக்குத் தெரியும்.

"நாயக்குன்னு இப்பமே போட்டுவிடுறேனே மிலிட்டரி. யாரு வந்து கேக்கப்போறா, கர்த்தரா?"

"வேண்டாம்லே" என்றார் பெரியப்பா. "ஆர்டர் வரட்டும். ஒரு குருசுல ஒரு பொய் போதும்."

நான் கல்லூரியில் கடைசி ஆண்டு படித்தபோது அவர் இறந்தார். வேறு இடம் பார்க்க வேண்டுமா என்று அப்பா தயங்கினார், ஊர் தயங்கவில்லை. குருசை அசைக்காமல் அதன் முன்னால் தோண்டினார்கள். சட்டை மக்கிப்போயிருந்தது, பித்தான்கள் மட்டும் மணலோடு வந்தன. அவற்றை அவரோடு சேர்த்தே மூடினோம். "இப்பத்தான் கடலுக்குக் கணக்குத் தீந்துச்சு" என்று யாரோ சொன்னார்கள். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார்.

இப்போது மனுக்களை நான் அனுப்புகிறேன், கணினி வழியாக. கடைசியாகப் பார்த்தபோது "பரிசீலனையில் உள்ளது" என்று இருந்தது. சிப்பிச் சுண்ணாம்பு நீற்றுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லை. வாளியில் வருகிற பெயிண்டுக்குச் சீறலும் கிடையாது, கொதிப்பும் கிடையாது, நினைவில் தங்கும்படியான வாசனையும் கிடையாது. வள்ளங்களின் பெயர்கள் ஒட்டுப் படங்களாகிவிட்டன. பெரியப்பா சாய்ந்து நின்ற சுவரை, வீட்டை எடுத்துக் கட்டியபோது இடித்துவிட்டோம். கறுத்திருந்த அந்தப் பகுதிக் கல்லை எங்கே கொட்டினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

போன கல்லறைத் திருநாளுக்கு நானும் அம்மாவும் போனோம். உப்புக்காற்றில் பெயர் பாதி உதிர்ந்திருந்தது. "போரில் மரித்தார்" என்பதும் மங்கியிருந்தது. அதைத் திரும்ப எழுதவா விடவா என்று எனக்கு முடிவெடுக்கத் தெரியாததால், வழக்கப்படி எழுதினேன். பொழுது சாய்ந்தது. அம்மா மெழுகுதிரியை மணலில் ஊன்றிவிட்டு நிமிர்ந்து, சுற்றுச்சுவர்ப் பக்கம் பார்த்து, அடுப்படியிலிருந்து சொல்கிற அதே குரலில், "எல்லாரும் இருக்கோம், வாங்க அத்தான்" என்றார். சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே தெரிந்தது போலிருந்தது. நான் வாளியில் மிஞ்சியிருந்த வெள்ளையைத் தொட்டு, பெயருக்கு முன்னால் இருந்த அந்த ஒரு சாண் இடத்துக்கு மட்டும் இன்னொரு முறை அடித்தேன்.