பீலியடியில் ஒரு சவரம்

வாதம் வந்து என் கணவரின் வலது கை விழுந்த பிறகு, அவருடைய பழைய சவரக்கத்தியை நான் எடுத்தேன். கத்தியின் முதுகு முன்னால் போகும்படி தோல் வாரில் இழுத்துத் தீட்டினேன். கூர்ப்பக்கம் முன்னால் போனால் வாரே அறுந்துவிடும். பதம் வந்ததா என்று என் முன்கையில் வைத்து இழுத்தேன். முடி சுத்தமாக வழிந்து வந்தது.

கத்தியை அவர் கழுத்துக்குக் கொண்டுபோன நேரம் பார்த்து, தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் வீட்டுக்குள் அவருடைய அண்ணன் வந்தார்.

"பொம்பள கிட்டக் கழுத்த நீட்டுறியா? பதுளையில சலூனா இல்ல? லயமே சிரிக்கும்டா!"

என் கை அப்படியே நின்றுவிட்டது. என் கணவர் நாடியை உயர்த்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீ செய் புள்ள."

ஒரு கீறல் விழவில்லை.

மறு ஞாயிறு நாற்காலியை வீட்டுக்குள் போடவில்லை. லயமே தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் பக்கத்தில் போட்டேன். கழுத்தையே நம்பிக் கொடுத்தவர் இருக்கும்போது நான் யாருக்குப் பயப்பட வேண்டும்? வசதியாக உட்கார்ந்து சிரிக்கட்டும் என்று அண்ணனுக்கும் ஒரு ஸ்டூல் போட்டுவைத்தேன்.