கழலாத பூட்டு

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் ஒருவர் எத்தனை கிலோ, எத்தனை வயது, சப்பாத்தின் அடி எத்தனை மில்லிமீற்றர் என்று சொன்னால், அவருடைய ஸ்கீ, அதாவது பனியில் சறுக்கும் கட்டை, எந்த எண்ணில் கழல வேண்டும் என்பதை அட்டவணை பார்க்காமலே சொல்வேன். சுவிஸில், சோலோதுர்ன் நகரில் ஸ்கீ வாடகைக்குக் கொடுக்கும் கடையொன்றின் பின்பட்டறையில் பல குளிர்காலமாக நிற்கிறேன். சப்பாத்தைக் கட்டையோடு பிடித்து வைத்திருக்கும் பூட்டை இங்கே பிண்டுங் என்பார்கள். விழுகிற நேரத்தில் அது விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் கட்டை ஒரு பக்கம் இழுக்கும், உடம்பு மறுபக்கம் போகும். நடுவில் மாட்டுப்படுவது முழங்கால். இயந்திரத்தில் வைத்துத் திருகி, 'டக்' என்று அது திறந்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

என் கணவருடைய கட்டைகளை நான் ஒருநாளும் அந்த இயந்திரத்தில் வைத்ததில்லை.

அவர் முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை. கூட வேலை செய்யும் சுவிஸ்காரர் ஒருவர் அவருக்கு டெலிமார்க் என்ற பழைய சறுக்கு முறையைப் பழக்கினார். அதில் குதிக்கால் கட்டையோடு ஒட்டாமல் எழும்பும். ஒரு முழங்காலை மடித்து, தாழ இருந்துதான் திரும்ப வேண்டும். பழைய சாமான் விற்கும் இடத்தில் ஒரு சோடி கட்டை பிடித்துக்கொண்டு வந்தார். முன்னுக்கு ஒரு தகடு, குதிக்காலைச் சுற்றி ஒரு கம்பி வடம். பூட்டில் கழலும் எண் தெரிகிற சின்ன யன்னலைத் தேடினேன். இல்லை.

"இஞ்சேருங்கோ, இதிலை..." என்று தொடங்கினேன்.

"துவங்கியாச்சு!" என்று சிரித்தார். "உம்மடை கருநாக்கைக் கொஞ்சம் மடிச்சு வையும். போன முறை ரயரைப் பற்றிக் கதைச்சீர், பாதையிலேயே காத்துப் போச்சுது."

பகிடிதான். ஆனால் நான் பயந்து சொன்ன சில விஷயங்கள் நடந்தும் இருக்கின்றன. அதனால் எனக்கே என் வாயில் பயம்.

வியாழக்கிழமை பட்டறை மெக்கானிக்கிடம் கேட்டேன். பழையது என்றால் கழலாது என்றார். குதிக்கால் எழும்புவதால் கொஞ்சம் இளக்கம் உண்டு, பலர் ஒன்றும் ஆகாமல் ஓடுகிறார்கள், ஆனால் கால் முறுகினால் அது விடாது, மெதுவாக முறுகி விழுவதும் பொல்லாதது என்றார். அடியில் பூட்டினால் கழலக்கூடிய தட்டு ஒரு சோடி மேல்தட்டில் கிடக்கிறது, நாளைக்குக் கொண்டுவா, பூட்டித் தருகிறேன் என்றும் சொன்னார்.

கொண்டுபோயிருக்கலாம். ஆனால் ஏன் என்று என் கணவர் கேட்பார். 'விழுந்தால்' என்று நான் சொல்ல வேண்டிவரும். சனிக்கிழமை மலைக்குப் போக இருக்கிற மனிதரிடம் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமை வேலை முடிய ரயிலேறி, திரிம்பாக் ஊரில் இருக்கிற எங்கள் கோயிலுக்குப் போனேன். அவருடைய பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்வித்தேன். கண்ணை மூடிக்கொண்டு தகடு, வடம், முழங்கால் எல்லாம் கடவுளுக்கு விளங்கப்படுத்தினேன். வீட்டுக்கு வந்து அவருக்குத் திருநீறு கொடுத்தேன்.

"என்ன விசேஷம்?"

"சும்மா."

மறுநாள் மதியத்துக்குப் பிறகு அந்தச் சுவிஸ்காரர் தொலைபேசி எடுத்தார். இவர் செங்குத்துச் சரிவில் விழவில்லை. எல்லாம் முடிந்து, களைத்து, கீழே மலையேற்றும் லிஃப்ட் பக்கம் கிட்டத்தட்ட நின்றேவிட்ட நேரம் ஈரப்பனி கட்டையின் நுனியைப் பிடித்துவிட்டது. இவர் திரும்பினார், கட்டை திரும்பவில்லை. மீட்புக்காரர் வந்து வடத்தைக் கழற்றும்வரை அது காலிலேயே இருந்ததாம்.

ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு முதல் என்னை அவரிடம் விட்டார்கள். முழங்காலுக்குள் சவ்வு அறுந்து, கீழே எலும்பும் வெடித்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, கோபமில்லாமல் கேட்டார்.

"நீர் உந்தக் கடையிலைதானே நிக்கிறீர். உது கழராதெண்டு உமக்குத் தெரியாதோ?"

"தெரியாது," என்றேன்.

அந்த ஒரு சொல்லோடுதான் இரண்டு குளிர்காலம் இருந்தேன். பட்டறையில் இயந்திரத்தைத் திருகுவதற்கும் 'டக்' என்ற சத்தத்துக்கும் நடுவே ஒரு சின்ன அமைதி இருக்கிறது. முன்பு அது எனக்குத் தெரியாது. விழுந்தபோது ஈரக்கொப்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதாக அவர் சொல்லியிருந்தார். நான் அங்கே இருக்கவில்லை. ஆனால் அந்த அமைதிக்குள் அது எனக்குக் கேட்கும். ஒரே பிண்டுங்கைத் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டு நிற்பேன். மெக்கானிக் வந்து கட்டையை மெதுவாக என் கையிலிருந்து வாங்குவார்.

வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அவர் விழுந்த கதையைச் சொல்லுவார். "இவ பட்டறைக்குள்ளேயே நிக்கிறா, இவவுக்கே தெரியேல்லை. பிறகு உருளைக்கிழங்கு உரிக்கிற எனக்கு என்னெண்டு தெரியும்?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இந்த மார்கழியில் ஒரு நாள், குசினியில் கரட் சீவிக்கொண்டு சொன்னார்: "அந்தச் சுவிஸ்காரன் திரும்பவும் மலைக்குக் கூப்பிடுறான். உந்தக் கட்டைக்குக் கழரக்கூடிய ஏதும் பூட்டலாமோ எண்டு உங்கடை மெக்கானிக்கை ஒருக்கா கேட்டுப் பாரும்."

"கேட்டனான்," என்றேன். "நீங்கள் விழ முதலே கேட்டனான். தட்டுப் பூட்டித் தாறன் எண்டவர். நான்தான் உங்களுக்குச் சொல்லேல்லை. சொன்னா நடந்திடும் எண்டு பயந்திட்டன்."

சீவுகிற கத்தி நின்றது. இப்போதும் படிகளில் ஒவ்வொன்றாக இறங்குகிற அந்தக் காலை மேசைக்குக் கீழே நீட்டிக்கொண்டார்.

"சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பன்," என்றார்.

உண்மையோ, எனக்காகச் சொன்னாரோ, இன்றுவரை தெரியாது. பிறகு கேட்டார்: "அது சரி. ஆஸ்பத்திரியிலை கேட்டனான்தானே. ஏன் தெரியாதெண்டு சொன்னனீர்?"

நான் சீவிய கரட்டை அள்ளிச் சட்டிக்குள் போட்டேன். அவர் காத்திருந்து பார்த்தார். பிறகு மிச்சக் கரட்டையும் சீவி முடித்தார்.

அடுத்த ஞாயிறு அவருடைய சிநேகிதர்கள் வந்தார்கள். வழமைபோல் விழுந்த கதையைச் சொன்னார். ஈரப்பனி, லிஃப்ட், மீட்புக்காரர். 'இவவுக்கே தெரியேல்லை' என்று என்னைப் பற்றிச் சொல்லும் இடம் வந்ததும் அவர் நிறுத்தினார். ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு, கதையை நேரே சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோய்விட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.