தன் கையால் மூழ்கடித்த படகு

செவ்வாய், காலை 7.10. செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் வண்டி ஏறும்போதே கிழக்கு வானம் கறுத்திருந்தது. கூட வந்தவர் கிர்ஸ்டன். டென்மார்க்கில் பள்ளி ஆசிரியை; நான் வரலாற்று டீச்சராக இருக்கும் பள்ளிக்கு ஒரு மாத விருந்தினராக வந்தவர். தரங்கம்பாடியில் இருக்கும் அவருடைய நாட்டவரின் கோட்டையைக் காட்டுகிறேன் என்று வாய் நிறைய வாக்குக் கொடுத்திருந்தேன். மறுநாள் புயல் கரையைக் கடக்கும் என்றார்கள். தெற்கே போகும் வண்டிகள் நின்றுவிட்டன. கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது சதுரங்கப்பட்டினம். அங்கே இருப்பது டச்சுக்காரர் கோட்டை. கல்யாணத்துக்கு அழைத்தவரைப் பக்கத்து மண்டபப் பந்தியில் உட்கார வைக்கும் வேலைதான். வேறு வழியில்லை.

கிர்ஸ்டன் பர்ஸைத் திறந்ததும் நடத்துநர் கையை ஆட்டினார். "இன்னாத்துக்கும்மா பர்ஸு? லேடீஸ்க்கு ஃப்ரீ. எந்த ஊரு லேடீஸா இருந்தா இன்னா?"

திருக்கழுக்குன்றம் வரை பதினான்கு கிலோமீட்டர். அங்கிருந்து சதுரங்கப்பட்டினத்துக்கு ஆட்டோ, முந்நூற்றைம்பது ரூபாய். "அவனவன் கடல உட்டு ஓடியாந்துகினு கீறான், நீங்க கடலாண்ட போறீங்களே" என்றார் ஓட்டுநர். திட்டினாரே தவிர, வண்டியை நிறுத்தவில்லை.

காலை 9.30. கோட்டையில் எங்கள் இருவரைத் தவிர ஒருவரும் இல்லை. செங்கல் சுவர்கள், கடலைப் பார்த்த மேடு, சித்திர வேலை செய்த டச்சுக் கல்லறைகள். கிர்ஸ்டன் எழுத்துகளைத் தடவிப் பார்த்துவிட்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்தார். "இந்தக் கரையில் எங்கள் கடற்படைக் கதை தோல்வியில்தான் தொடங்குகிறது" என்றார். எனக்கும் அது தெரியும். 1619இல் முதலில் வந்த டேனிஷ் கப்பல் காரைக்கால் அருகே போர்ச்சுகீசியரிடம் அகப்பட்டு நாசமானது. மறுவருடம்தான் தஞ்சை நாயக்கரிடமிருந்து தரங்கம்பாடி கிடைத்தது. 1807இல் ஆங்கிலேயர்கள் கோபன்ஹேகனைக் குண்டு வீசி எரித்து, நின்ற கப்பல்களை மொத்தமாக ஓட்டிப் போனார்கள்.

அடுத்ததைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. 1943 ஆகஸ்ட் 29, விடியற்காலை. கப்பல்களைப் பறிக்க, நாட்டை ஆக்கிரமித்திருந்த ஜெர்மன் படை கோபன்ஹேகன் துறைமுகத்துக்குள் வந்தது. அது கைவைப்பதற்குள் டேனிஷ் மாலுமிகள் தங்கள் கப்பல்களைத் தாங்களே மூழ்கடித்தார்கள். அவர்களில் ஒருவர் கிர்ஸ்டனின் தாத்தா; இயந்திர அறையில் வேலை பார்த்த இருபது வயதுக்காரர். தண்ணீர் உள்ளே வர வால்வைத் திறந்தது அவர் கை. சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

"சண்டை போடாமல் மூழ்கடித்தவர்கள் என்று என் அப்பா கடைசிவரை அவரைக் குத்திக்காட்டினார். அன்று தாத்தா மனதில் என்ன இருந்தது என்று கேட்காமலே விட்டுவிட்டேன்" என்றார்.

வகுப்பில் நான் அந்த இரண்டாம் உலகப் போரை இரண்டு பாடவேளையில் முடித்துவிடுகிற ஆள்.

காலை 11.30. கோட்டைக்குப் பின்னால் நடந்து உப்பங்கழிக்கு வந்தோம். கடற்கரையில் ஒரே டிராக்டர் படகுகளை ஒவ்வொன்றாக மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. கழியில் இறால் பிடிக்கும் செல்வத்தின் முறை வர சாயங்காலம் ஆகிவிடும். அதற்குள் அலை ஏறிவிடும். போன வருடம்தான் வாங்கிய ஃபைபர் படகு. அதை விட்டால் அந்த வீட்டுக்கு வேறு பிழைப்பு கிடையாது. என்ஜினையும் வலையையும் இறக்கி வைத்துவிட்டு, அவரும் மனைவி தேவகியும் படகுக்குள் மணல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூட டீச்சர் என்று என்னைச் சொல்லிக்கொண்டு, "இன்னாங்க பண்றீங்க?" என்றேன்.

"முழுவ உடறோம் டீச்சர். மேல கெடந்தா காத்து தூக்கிப் போட்டு ஒடச்சிடும். அடியில கெடந்தா காத்து ஒண்ணும் பண்ணாது" என்றார் தேவகி.

படகின் அடிப்பக்கத் துளையை அடைத்திருந்த தக்கையில் செல்வம் கை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. தேவகி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நவுரு, நான் புடுங்கறேன்" என்றார்.

"வேணாம். நானே பண்றேன்."

தக்கை வந்தது. தண்ணீர் ஊற்றுப் போல உள்ளே ஏறியது. கால் மணி நேரத்தில் கழியின் மேல் கயிறு ஒன்றுதான் தெரிந்தது. கிர்ஸ்டன் என் தோளைப் பற்றி, அவருக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள் என்றார். கேட்டேன். செல்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இப்ப பேஜாரு பண்ணாதீங்க டீச்சர், வூட்டுக்குப் போங்க" என்றார் தேவகி. கேட்டிருக்கக் கூடாதுதான். வெட்கத்தோடு ஊர் திரும்பினோம்.

புதன் முழுக்கக் காற்றும் மழையும். வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். கிர்ஸ்டன் நாலு முறை கேட்டார், அந்தப் படகு என்னவாகியிருக்கும் என்று.

வியாழன், காலை 9.15. வழியெல்லாம் மரங்கள் விழுந்து கிடந்தன. கரையில், டிராக்டர் மேலேற்றிய படகுகளிலேயே இரண்டு ஒன்றோடொன்று மோதி விலா பிளந்திருந்தன. நாங்கள் நடையை எட்டிப் போட்டோம். கழியில் நான்கைந்து பேர் இடுப்பளவு தண்ணீரில் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். செல்வம் மூச்சடக்கி முங்கி மூட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளினார். முதலில் படகின் மூக்கு தெரிந்தது. பிறகு பச்சைப் பெயின்ட். ஒரு கீறல்கூட இல்லை. தக்கையைத் திரும்ப அடித்து, பெயின்ட் வாளிகளால் எல்லோரும் தண்ணீரை இறைத்தார்கள்.

செல்வம் எங்களைப் பார்த்ததும் தானாகவே கிட்டே வந்தார்.

"அன்னிக்கி அந்தம்மா கேட்டாங்களே, எப்டி கீதுன்னு. அழுதுகினு இருந்தேன் டீச்சர். அதான் திரும்பிகினேன்."

மொழிபெயர்த்தேன். கிர்ஸ்டன் பச்சைப் படகைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "தாத்தாவின் கப்பலையும் தூக்கினார்கள். தூக்கியது ஜெர்மன்காரர்கள்" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி ஒரு வாளியை வாங்கிக்கொண்டார்.

நாலு நூற்றாண்டுக் கடற்படை வரலாற்றைக் காட்டக் கூட்டிப்போனவள் நான். காட்டியது செல்வம். மூழ்கடித்தவன் கைக்கே படகு திரும்பி வருவதை அன்றுதான் பார்த்தேன். அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பதும் அன்றுதான் உறைத்தது.

கிர்ஸ்டன் இறைத்துக்கொண்டே இருந்தார். படகு மிதந்து, உள்ளே ஈரம் மட்டும் மிச்சமான பிறகும் வாளி தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. தேவகி போய் அவர் கையைப் பிடித்தார்.

"போதும்மா, உடு. அதான் வந்துட்ச்சே."

அதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.