மகஜரில் மட்டும் நின்ற புங்கமரம்

நாமக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்தபோது, பயங்கரவாத வழக்கு ஒன்றில் அரசுத் தரப்புச் சாட்சியானேன். ஆனது பேக்கரியில். டீ வருவதற்குள் முடிந்துவிட்டது.

எங்கள் ஊரில் கிணறு வெட்டும் ஒருவரைப் பிடித்திருந்தார்கள். அவர் வீட்டருகே வெடிமருந்தும் அரசைக் கவிழ்க்கும் துண்டறிக்கைகளும் சிக்கியதாகப் பறிமுதல் மகஜர். அதை நேரில் பார்த்ததாக நான் கையெழுத்திட வேண்டும். ஜமாபந்திக்குக் கணக்கு முடிக்கும் நேரம்; எனக்குத் தலைக்கு மேல் வேலை.

“இடத்துக்கு வர வேண்டாங்களா?” என்று கேட்டேன்.

“எதுக்குங்க சார் இந்த வெயில்ல? எல்லாம் எழுதியாச்சுங்க,” என்றார் காவல் நிலைய ரைட்டர்.

‘வீட்டுக்கு வடக்கே பத்தடியில் உள்ள புங்கமரத்தடியில்’ என்று அழகாக எழுதியிருந்தார். வேறொரு வழக்கின் மகஜரிலிருந்து அந்த மரம் வேரோடு வந்திருந்தது பின்னால்தான் தெரிந்தது. அங்கே வெடி இருந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் என்னைச் சாட்சியாகப் போட்டிருந்தார்கள்.

அரசு நிதானமாக நடந்துகொண்டது. வழக்கு நடத்துவதற்கான அனுமதி ஓராண்டு கழித்து வந்தது. அதில் கைதியின் அப்பா பெயர் வேறாக இருந்தது. அரசு வக்கீல்கள் மூன்று பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் வழக்குக் கட்டின் கயிற்றை அவிழ்க்கும் நேரத்தில் மாற்றலானார்கள். கிணறு வெட்டுபவர் மட்டும் மாற்றலே இல்லாமல் நான்கு ஆண்டுகள் உள்ளே இருந்தார்.

இடையில் அவர் மனைவி என் அலுவலகத்துக்கு வந்தார். “அடங்கல் நகல் ஒண்ணு வேணுமுங்க சாமி.”

எந்த நிலத்தில் என்ன பயிர், என்ன மரம் என்று ஆண்டுதோறும் நான் எழுதும் கணக்கு அது. கடன் கேட்கப் போகிறார் என்று நினைத்து, முத்திரை குத்திக் கொடுத்தேன்.

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் புங்கமரத்தைப் பற்றிக் கேட்டார். பெரிய மரம், நல்ல நிழல் என்றேன். ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. நான் அங்கே போகவே இல்லை என்று சொன்னால் ஓய்வூதியம் போய்விடும் என்ற பயம்; எதிரே கூண்டில் நின்றவரைப் பார்க்காமலே சொன்னேன்.

வக்கீல் அடங்கலை நீட்டினார். அதே நிலம், அதே ஆண்டு. மரம்: இல்லை. கீழே என் கையெழுத்து.

நீதிபதி இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். “இதுல எந்தக் கையெழுத்தை நம்பறது?”

அரசு வக்கீல் அவசரமாக எழுந்து, என்னைப் பிறழ்சாட்சியாக அறிவிக்க வேண்டும் என்றார். அவர்கள் எழுதிக் கொடுத்ததை ஓர் எழுத்து மாறாமல் சொன்னவன் நான்.

கிணறு வெட்டுபவர் விடுதலையானார். துறையில் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். அதையும் வேறொருவர் எழுதினார், நான் கையெழுத்திட்டேன். ஓய்வூதியம் குறையாமல் வந்தது.

வேண்டுமென்றே அடங்கலைக் கொடுத்து அவரைக் காப்பாற்றினேன் என்று ஊரில் பேச்சு. உண்மையில் முத்திரை குத்தும்போது அதையும் நான் படித்துப் பார்க்கவில்லை. இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கவே ஒரு மதியம் அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்களாலதானுங்க சாமி நான் ஊடு வந்து சேர்ந்தேன்.”

மன்னிப்புக் கேட்கப் போனவன், தலையாட்டினேன்.

அவர் மனைவி பிளாஸ்டிக் நாற்காலியோடு வெளியே வந்தார். வாசலில் போடவில்லை. வடக்கே பத்தடி நடந்து, வெறும் தரையில் போட்டார்.

“நெழல்ல உக்காருங்க சாமி. மோர் கொண்டாறேன்.”

உச்சி வெயில். போய் உட்கார்ந்தேன்.