லாரி நிற்கும் வளைவு

என் தாய்மாமன் கையில் இனிப்புப் பொட்டலத்தோடு வீட்டுக்குள் வந்தால், நான் முதலில் மாட்டுக்கொட்டகைச் சுவரைத் திரும்பிப் பார்த்துக்கொள்வேன். பொட்டலத்தை அப்புறம்தான் வாங்குவேன். ரோடு வந்த பிறகு வந்த பழக்கம் இது.

கொல்லங்கோட்டைத் தாண்டி, மலையடிவாரத்து மாந்தோப்புகளுக்கும் பஸ் போகும் சாலைக்கும் நடுவில் எங்கள் வீடு. முன்பு தோப்பிலிருந்து சாலைக்கு ஓர் ஆள் நடக்கும் வரப்பு மட்டும்தான். காய் பறிக்கும் மாதங்களில் அம்மாவும் இன்னும் நான்கு பெண்களும் அதில் கூடை சுமந்தார்கள். ஒருத்தியே முழுத் தூரமும் சுமப்பதில்லை. ஆளுக்கு ஓர் இடம். கூடை ஒரு தலையிலிருந்து அடுத்த தலைக்கு நேராக மாறும், தரையைத் தொடாது. இறக்கி வைத்தால் அடியில் இருக்கும் காய் நசுங்கும் என்பார்கள். எங்கள் வாசலுக்கு எதிரே இருந்த வளைவு அம்மாவின் இடம்.

நான் கல்லூரி போய்வந்த செலவு முழுக்க அந்த வளைவில் சம்பாதித்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை.

எங்கள் பக்கத்தில் வழியோரம் இருப்பவர்கள் நிலத்தைச் சும்மா விட்டுக்கொடுத்தால்தான் பஞ்சாயத்து தார் போடும். அதைக் கேட்க ஒருநாள் வார்டு மெம்பர் வந்தார். கூடவே மாமனும், மரம் பூத்திருக்கும்போதே தோப்பை விலை பேசிவிடும் மாங்காய் வியாபாரியும். அதுவரை எங்களை ஏறிட்டுப் பார்க்காத வியாபாரி அன்று என் படிப்பை விசாரித்தார். எனக்கு அப்போதே உறுத்தியது.

“ஏனுங்கண்ணா, லாரி தோப்புக்கே போயிட்டா எங்கம்மாவுக்கு என்ன வேலைங்க?” என்று மெம்பரிடம் கேட்டேன்.

“லாரி தானா ஏத்திக்குமா கண்ணு? ஆள் வேணுமல்ல?”

“அதத்தானுங்க கேக்கறன். ஆரு ஏத்துவாங்க?”

மெம்பர் சிரித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தார். “படிக்க வெச்சது தப்பாப் போச்சுங்க அக்கா.”

“காசு குடுத்துப் படிக்க வெச்சதுங்க. கேக்கட்டும்” என்றாள் அம்மா.

மாமன்தான் பேச்சை மாற்றினார். “உன்னையப் பொண்ணு பாக்க வாரவங்க வரப்புல வழுக்கி உழுந்தா நல்லாவா இருக்கும் அம்முணி? நாளைக்கு நீ வேலைக்குப் போனா ஸ்கூட்டர்ல ஊட்டு வாசலுக்கே வரலாம்.”

வியாபாரியைச் சந்தேகப்பட்டேன். மெம்பரைச் சந்தேகப்பட்டேன். அம்மாவின் கூடப்பிறந்தவரைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை. தம்பி சொன்னதால் அம்மா நிலத்தை விட்டுக்கொடுத்தாள். அவள் நின்று கூடை வாங்கும் இடமும் அதில் போனது.

அடுத்த பருவத்தில் முதல் லாரி உள்ளே வந்தது. சின்ன லாரிதான். அதிலிருந்து நீலச் சட்டை போட்ட நான்கு பேர் இறங்கினார்கள், ஒருவர் மாமன். எங்கள் பக்கத்தில் லாரியில் ஏற்றுவதும் இறக்குவதும் சுமைத் தொழிலாளர் சங்கத்து ஆட்களின் உரிமை, வேறு யாரும் தொட முடியாது. மாமன் சங்கத்தில் இருப்பது ஊருக்கே தெரியும். லாரி போகாத வரப்பில் சங்கத்துக்கு வேலை இருக்கவில்லை, அதனால் பெண்கள் சுமந்தார்கள். ரோட்டையும் சங்கத்தையும் சேர்த்து யோசிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாமனுக்குத் தோன்றியிருந்தது.

அம்மா தலையில் சும்மாட்டோடு நின்றிருந்தாள்.

“வெயில்ல நிக்காத, ஊட்டுக்குப் போக்கா” என்றார் மாமன்.

“தோப்புல இருந்து ஆரு சொமக்கறது?”

“லாரிதான் மரத்தடிக்கே போகுதே.”

“அப்ப நாஞ் சொமந்தது போதும்ங்கறயாக்கும்.” அம்மா சும்மாட்டை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அந்த வருஷம் ஐந்து பேரும் தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்குப் போனார்கள். அரசாங்கம் கொடுக்கும் அந்த வேலையும் எப்போதும் கிடைப்பதில்லை. கிடைத்த நாட்களில் அதே ரோட்டின் ஓரத்தில் புல் செதுக்கினார்கள். ரோட்டால் நல்லது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பால் வண்டி வாசலுக்கு வந்தது. பக்கத்துத் தோட்டக்காரரின் கத்தரிக்காய் வாடாமல் சந்தைக்குப் போனது. எனக்குக் கொல்லங்கோட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது, ஸ்கூட்டரில் வாசல்வரை வந்தேன். மாமன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதனால்தான் அவர்மேல் சந்தேகம் இன்னும் கூடியது.

போன வருஷம் மாமன் அல்வாவோடு வந்தார். பெரிய லாரி எங்கள் வளைவில் திரும்பவில்லையாம். சின்ன லாரியில் கொண்டுபோய்ச் சாலையில் பெரிய லாரிக்கு மாற்றினால் ஏற்றுகூலி இரண்டு தடவை ஆகிறதாம். வியாபாரி தோப்பையே விட்டுவிடுவாராம். மாட்டுக்கொட்டகைச் சுவரை இடித்து இன்னும் கொஞ்சம் இடம் விட்டால் போதுமாம்.

“கேட்டுச் சொல்றேன்” என்றாள் அம்மா.

“ஆருகிட்ட?”

“எம் பொண்ணுகிட்ட. அவதான் ஒருத்தரையும் நம்ப மாட்டா.”

நான் பக்கத்தில்தான் இருந்தேன். “செவுரு இருக்கட்டுங்க மாமா. பெரிய லாரி இந்த வளைவு வரைக்கும் வரட்டும். தோப்புல இருந்து இங்க வரைக்கும் அம்மாவும் அவங்களும் சொமப்பாங்க. லாரியில நீங்க ஏத்துங்க.”

“வியாபாரி ஒத்துக்க மாட்டாரு.”

“செவுத்த இடிக்கச் சொன்னது அவருங்களா, நீங்களாங்க?”

மாமன் அல்வாவை வைத்துவிட்டு எழுந்து போனார். வியாபாரி மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். சுவரைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பருவத்தில் லாரி வளைவில் நிற்கிறது. சுமக்கும் தூரம் பாதியாகிவிட்டதால் மூன்று பேர் போதும். மற்ற இருவருக்கும் புல் செதுக்கும் வேலைதான். அம்மாவுக்கும் பழைய வருமானம் இல்லை. ஆனால் கடைசி இடம் அவளுடையது. அவள் தலையிலிருந்து கூடை நேராக மாமன் தலைக்கு மாறுகிறது, தரையைத் தொடாமல்.

நேற்று ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன அம்முணி, கூடைய எண்ணறயா?” என்றார் மாமன்.

“இல்லீங்க மாமா. செவுத்தப் பாக்கறன்.”