பதினேழாம் மெஷினில் ஸ்மரந்தா

இதைக் கற்பனை என்று நினைத்துக்கொண்டு படிக்காதீர்கள். மூன்று பேரிடம் தனித்தனியாக உட்கார்ந்து கேட்டேன். நேரம் மட்டும் ஐந்து நிமிடம் முன்னே பின்னே வந்தது. மற்றதெல்லாம் அச்சு அசலாக ஒன்றுதான். நடந்தது அவுரிக்காவுக்கு. பதினோரு வருஷமாக எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி. முகத்துக்கு நேரே திட்டுவாளே தவிர, புளுக மாட்டாள். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிற ஆள் அவள்தான். இப்போது சிரிப்பதில்லை.

அவுரிக்கா எங்கள் ஊர் ஜாக்கெட் ஃபாக்டரியில் நாலாம் லைனுக்குச் சூப்பர்வைசர். இருபத்திரண்டு தையல் மெஷின், இருபத்திரண்டு பெண்கள். பாதிப் பேர் உள்ளூர். மீதிப் பேர் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து வேனில் வருகிறவர்கள். பராகன் சமவெளியில் ஒரு கிராமத்துக்கும் அடுத்த கிராமத்துக்கும் நடுவில் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. குளிர்காலத்தில் கிரிவத்ஸ் என்கிற பனிக்காற்று கிளம்பிவிட்டால் ரோடு எது, வயல் எது என்று தெரியாது. ருமேனியாவில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஃபாக்டரி டைரக்டர் டுடோசேவுக்கும் தெரியும்.

ஜனவரி 26. புதன்கிழமை.

காலை 11.40-க்கு எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியது. சிவப்பு எச்சரிக்கை. பனிப்புயல், யாரும் வெளியே போகக் கூடாது என்று அரசாங்கம் அனுப்பிய செய்தி. அவுரிக்கா போனைத் தூக்கிக்கொண்டு டைரக்டர் அறைக்குப் போனாள்.

"சார், சிவப்பு குடுத்துட்டாங்க. ரெண்டு மணி ஷிப்டுக்குக் கிராமத்துப் பொண்ணுங்கள வரச் சொல்ல வேண்டாம்."

"சிவப்பு ரோட்டுக்கும்மா. ஃபாக்டரிக்கு இல்ல."

"ரோடு வழியாத்தானே சார் வரணும்? பறந்தா வருவாங்க?"

"நாளைக்குக் காலைல லாரி கிளம்பணும். வர்றவங்க வரட்டும். வராதவங்களுக்கு ஆப்சென்ட் போடு. நீயா யாருக்கும் லீவு எழுதித் தராத. போன தடவையே சொல்லியிருக்கேன்."

மூன்று ஆப்சென்ட் விழுந்தால் வேலை போய்விடும். அதுதான் அங்கே சட்டம். மோவிலா கிராமத்து ஸ்மரந்தாவுக்கு அந்த மாதத்தில் ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தது. இரண்டும் பனியால்தான். முப்பத்து நாலு வயசு. நாலாம் லைனில் பதினேழாம் மெஷின். காலர் தைப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது.

11.55-க்கு அவுரிக்கா அவளைக் கூப்பிட்டாள்.

"அக்கா, எங்க வீட்டு வாசல் கேட்டே கண்ணுக்குத் தெரியல. வேன் நிக்கிற முக்குக்கு ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும். மத்த பொண்ணுங்க யாரும் வரல."

"அவளுங்களுக்கு இன்னும் ஒண்ணு ரெண்டு நாள் கையில இருக்கு. உனக்கு இல்லடி."

"நீங்க லீவுன்னு எழுதிட முடியாதா?"

அவுரிக்கா நினைத்திருந்தால் எழுதியிருக்கலாம். எழுதினால் இவளையும் சேர்த்துத் துரத்தியிருப்பான் அந்த மனுஷன். அவ்வளவுதானே? இதை அவளே என்னிடம் சொல்லி அழுதாள்.

"வந்துடு ஸ்மரந்தா. எப்படியாவது வந்துடு."

"சரிக்கா. வந்துடறேன்."

12.40-க்கு ஸ்மரந்தா வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறாள். வேன் 1.10-க்கு முக்குக்கு வர வேண்டும்.

மணி 2.00. ஷிப்ட் ஆரம்பித்தது. பதினேழாம் மெஷின் காலியாக இருந்தது. அவுரிக்கா பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். ஆப்சென்ட் போட மனசு வரவில்லை. அரை மணி நேரம் பார்க்கலாம் என்று அடுத்த லைன் பக்கம் நடந்தாள்.

2.25-க்குத் திரும்பி வந்தாள். பதினேழில் ஸ்மரந்தா உட்கார்ந்திருந்தாள்.

பச்சைக் கம்பளிக் கோட்டு. தலையில் பழுப்புத் துண்டு. குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். அவுரிக்காவுக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது. வேன் லேட்டாக வந்திருக்கும் என்று நினைத்தாள். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே வந்தாள் என்று குறித்து, நேரத்தையும் எழுதினாள்.

"அப்பாடி, வந்துட்டியா! கோட்டக் கழட்டிட்டு உக்காரேண்டி."

"வந்துட்டேன்கா," என்றாள் ஸ்மரந்தா. நிமிரவில்லை.

கோபமாக இருக்கிறாள், இருக்கத்தானே செய்வாள் என்று அவுரிக்கா விட்டுவிட்டாள்.

2.50. அந்தப் பக்கமாக மறுபடி போனாள். ஸ்மரந்தாவின் தோளில் பனி இருந்தது. விரல் கனத்துக்கு. உள்ளே ஹீட்டர் ஓடுகிறது, மற்ற பெண்கள் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். ஒருவேளை வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

3.15. பனி அப்படியே இருந்தது. கரையவில்லை. நாற்காலிக்குக் கீழே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.

பக்கத்து மெஷின் மியோவாரா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முணுமுணுத்தாள். "இந்தப் பக்கம் மட்டும் என்னக்கா இப்படி வாட்டுது? ஜன்னல் ஏதாவது திறந்திருக்கா?"

ஜன்னல் எல்லாம் மூடித்தான் இருந்தது.

3.30. டீ நேரம். எலுமிச்சை பிழிந்த டீயை அவுரிக்காவே கொண்டுபோய் ஸ்மரந்தாவின் மெஷின் ஓரத்தில் வைத்தாள். ஆவி பறக்கிற டீ.

"குடி. சூடா இருக்கும்போதே குடி."

மெஷின் சத்தம் மட்டும். டர்ர்ர்... டர்ர்ர்...

3.42. டீயைப் பார்த்தாள். அதன் மேல் மெல்லிசாக ஏடு கட்டியிருந்தது. விரலால் தொட்டாள். ஏடு இல்லை.

ஐஸ்.

அவுரிக்கா கையை இழுத்துக்கொண்டாள். தனக்குக் காய்ச்சல் வருகிறது என்று நினைத்தாளாம். நினைக்க வேறென்ன இருக்கிறது? ஆள் கண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். கூடையில் காலர் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கிறது.

4.05. லைன் ஓரத்துக் கண்ணாடி அறையில் போன் அடித்தது. ஸ்மரந்தாவின் புருஷன் டோரு. மோவிலா கடையிலிருந்து பேசினான். செல்போன் எதுவும் எடுக்கவில்லை, கடை லைன் ஒன்றுதான் மிச்சம் என்றான். காற்றுச் சத்தத்தில் பாதி வார்த்தை கேட்கவில்லை.

"அக்கா, ரோட்ட அடைச்சுட்டாங்களாம். இப்பத்தான் ரேடியோல சொன்னான். ஸ்மரந்தா வந்து சேந்தாளா? நான் போகாதடின்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கல."

"இங்கதான் இருக்கா."

"நிஜமாவாக்கா? நாங்க ஒரு மணி நேரமா கோயில் மணிய அடிச்சுக்கிட்டு இருக்கோம். எங்கயாவது வழி தவறி நின்னா, சத்தத்தப் புடிச்சுட்டு வருவான்னு."

அங்கே அது வழக்கம். பனியில் ஆள் மாட்டினால் தேவாலய மணியை நிறுத்தாமல் அடிப்பார்கள். கண் தெரியாத இடத்தில் காதை வைத்துத்தான் ஊருக்குள் வந்து சேர வேண்டும்.

அவுரிக்கா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பச்சைக் கோட்டு. குனிந்த தலை.

"இருக்காடா. என் கண்ணு முன்னாடி உக்காந்து தச்சுட்டிருக்கா."

"ஒரு நிமிஷம் குடுங்களேன். குரலக் கேட்டுக்கறேன்."

அவுரிக்கா கதவை நோக்கி ஒரு அடி வைத்தாள். லைன் முனையில் டுடோசே நின்றுகொண்டிருந்தான். கையைக் கட்டிக்கொண்டு, இவளையே பார்த்துக்கொண்டு. வேலை நேரத்தில் யாரையும் போனுக்குக் கூப்பிடக் கூடாது.

"அஞ்சு மணிக்கு இடைவேளைல பேசச் சொல்றேன் டோரு. இப்ப லைன நிறுத்த முடியாது."

"சரிக்கா. இருக்கான்னு சொன்னதே போதும். அப்ப மணிய நிறுத்தச் சொல்லிடறேன். அடிக்கறவங்களுக்குக் கை விறைச்சுப் போச்சு, பாவம்."

போனை வைத்துவிட்டான்.

4.30. வேன் டிரைவர் ஃபனேல் உள்ளே வந்தார். கையில் டீ.

"என்ன ஃபனேல் அண்ணே, இந்தப் புயல்ல மோவிலா வரைக்கும் போயி ஆளக் கூட்டிட்டு வந்துட்டீங்களே. சிங்கம்தான் போங்க."

ஃபனேல் விழித்தார்.

"மோவிலாவா? நான் போகவேயில்லையேம்மா. பன்னண்டே முக்காலுக்கே போலீஸ் ஊர் எல்லைல மறிச்சுத் திருப்பி விட்டுட்டான். அப்ப இருந்து கேட்லதான் உக்காந்திருக்கேன். வாட்ச்மேன் கிட்ட சொன்னேனே, உனக்குச் சொல்லலையா?"

"அப்ப... ஸ்மரந்தா எப்படி வந்தா?"

"எந்த ஸ்மரந்தா?"

அவுரிக்கா கண்ணாடி பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

மோவிலாவிலிருந்து ஃபாக்டரிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர்.

கதவைத் திறந்தாள். நடந்தாள். பதிமூன்று... பதினாலு... பதினைந்து...

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டர்ர்ர்... டர்ர்ர்...

கீழே பார்த்தாள். இரண்டு பூட்ஸும் தரையில் ஒட்டியபடி இருந்தன. பெடலில் கால் இல்லை.

"ஸ்மரந்தா..."

மெஷின் நின்றது.

ஸ்மரந்தா நிமிர்ந்தாள். அன்று முதல் தடவையாக. புருவத்தில் பனி. உதட்டில் பனி. கண் மட்டும் எதையோ உற்றுக் கேட்கிற மாதிரி, எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா," என்றாள். "மணி நின்னுபோச்சு."

விளக்கு ஒரு தரம் அணைந்து எரிந்தது.

நாற்காலி காலி.

மணி 4.34.

அவுரிக்கா கத்திய கத்தலில் நாலு லைனும் நின்றுவிட்டது. டுடோசே ஏதோ சொல்ல வந்தான். அவனைத் தள்ளிவிட்டுப் போனுக்கு ஓடினாள். மோவிலா கடைக்கு அடித்தாள். லைன் செத்துக் கிடந்தது. மறுபடி அடித்தாள். இருபது தடவையாவது அடித்திருப்பாள். 112-க்கு அடித்துக் கெஞ்சினாள். ரோட்டில் எந்த வண்டியும் போக முடியாது, எழுதிக்கொள்கிறோம் என்றார்கள். ராத்திரி முழுக்கப் போனை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கண்ணாடி அறையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை 11.20-க்குத்தான் பனி வாரும் வண்டி மோவிலாவுக்குள் போனது. ஸ்மரந்தாவைக் கண்டுபிடித்தார்கள். வேன் நிற்கிற முக்கில் இல்லை. ஊர்ப் பக்கம் திரும்பி நடந்திருக்கிறாள். கடைசி வீட்டு வேலிக்கு நூற்றைம்பது அடி தள்ளிக் கிடந்தாள்.

அந்த மூன்று பேரைத் தவிர மியோவாராவிடமும் நான் கேட்டேன். அன்று முழுக்கப் பதினேழில் யாருமே உட்காரவில்லை என்று சிலுவை போட்டுச் சொல்கிறாள். "மெஷின் சத்தம் கேட்டுச்சா?" என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். ஆனால் பதினேழின் கூடையில் அறுபத்து நாலு காலர் தைத்து முடித்து இருந்தது. யார் தைத்தது என்று இன்றைக்கு வரைக்கும் யாரும் சொல்லவில்லை. லாரியில் ஏறிப் போய்விட்டது.

விசாரணை வந்தபோது டுடோசே அந்தப் பதிவேட்டைத்தான் எடுத்து நீட்டினான். 2.25-க்கு வந்தாள், சூப்பர்வைசர் கையெழுத்து. வேலைக்கு வரும் வழியில் அவள் சாகவில்லை, வந்து சேர்ந்துவிட்டாள் பாருங்கள் என்றான். அவனை என்ன சொல்லித் திட்டுவது?

அடக்கத்தன்று டோரு அவுரிக்காவைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. பக்கத்தில் வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அவ மாதிரியேவா இருந்துச்சு அக்கா?"

டாக்டர் கொடுத்த காகிதத்தை அதற்கு அப்புறம்தான் அவுரிக்காவுக்குக் காட்டினார்கள். அதைப் படித்த நாளிலிருந்துதான் அவள் சரியாகத் தூங்குவதில்லை. செத்தவர்கள் வந்து நின்றார்கள் என்று எத்தனையோ கேட்டிருப்பீர்கள். ஸ்மரந்தா செத்தது சாயங்காலம் ஏழிலிருந்து ஒன்பது மணிக்குள் என்று எழுதியிருந்தது. பதினேழாம் மெஷினில் அது உட்கார்ந்திருந்த அந்த இரண்டு மணி நேரமும், டோருவின் போன் வந்தபோதும், மணியை நிறுத்தியபோதும், அவள் உயிரோடு இருந்திருக்கிறாள். நடந்துகொண்டிருந்திருக்கிறாள்.

பனியிலிருந்து அவளைத் தோண்டி எடுத்தவர் இன்னொன்றும் சொன்னார். அந்தக் குளிரில் தலைத்துண்டை அவிழ்த்துக் கழுத்தில் கட்டியிருந்தாளாம். இரண்டு காதும் வெளியே தெரியும்படி.